அம்மா வந்திருக்கிற வீடு

காவிரிப் படுகையின் கிராமங்களில் ஒரு வீட்டு நிலைப்படியில் வேப்பங்கொத்து செருகியிருந்தால், தெருவில் போகிறவர்களுக்கு வேறு அறிவிப்பு தேவையில்லை. உள்ளே யாருக்கோ அம்மை வார்த்திருக்கிறது. அந்த வீட்டார் அதை நோய் என்று சொல்லமாட்டார்கள். "அம்மா வந்திருக்கிறாள்" என்பார்கள். கொப்புளம் என்று சொல்லாமல் "முத்துப் போட்டிருக்கிறது" என்பார்கள். அன்றிலிருந்து அந்த அடுப்பில் தாளிப்பு கிடையாது, வறுவல் பொரியல் கிடையாது. வெளியாள் உள்ளே வருவதில்லை. படுத்திருப்பவருக்கு வெள்ளை வேட்டி விரித்து, அதன்மேல் வேப்பிலை பரப்புகிறார்கள். அரிப்பெடுத்தால் நகம் படக்கூடாது. வேப்பங்கொத்தால் மெல்லத் தடவிவிட வேண்டும். இளநீரும் நீர்மோரும் பானகமும் வேளை தவறாமல் போகின்றன. முத்து காய்ந்து உதிரத் தொடங்கியதும் மஞ்சளும் வேப்பிலையும் போட்டு வெயிலில் வைத்த தண்ணீரைத் தலைக்கு ஊற்றுகிறார்கள். சில நாள் இடைவெளி விட்டு இன்னொரு தண்ணீர், அதன் பிறகு மாரியம்மனுக்கு மாவிளக்கு. அதோடு அம்மாவை வழியனுப்பிவைத்ததாகக் கணக்கு.

மருத்துவக் கண்ணோடு பார்த்தால் இன்று இப்படி வருவது பெரும்பாலும் சின்னம்மை. வாரிசெல்லா என்ற வைரஸ் உண்டாக்குவது. தடிப்பு தோன்றுவதற்கு ஓரிரு நாள் முன்பே தொற்றத் தொடங்கி, கடைசிக் கொப்புளம் பொருக்குத் தட்டும்வரை அது பரவும். தலைக்குத் தண்ணீர் விடும் நாளும் ஏறக்குறைய அப்போதுதான் வருகிறது. நகத்தால் சொறிந்தால் புண்ணில் பாக்டீரியா ஏறும். வேப்பங்கொத்து அதைத் தடுக்கிறது. காய்ச்சலில் உடல் வற்றாமல் இளநீர் காக்கிறது. இப்படி ஒவ்வொரு சடங்கின் அடியிலும் ஓர் அறிவியல் உண்மை ஒளிந்திருக்கிறது என்று நிறுவப் பலர் முயல்கிறார்கள். அது எனக்கு உவப்பான வாதம் இல்லை. வேப்பிலை வாரிசெல்லாவை அழிப்பதாக மனிதர்களிடம் நிரூபிக்கப்படவில்லை. தாளிப்பு வாசனைக்கும் வைரஸுக்கும் தொடர்பு கிடையாது. கவனிக்கவேண்டிய சங்கதி வேறிடத்தில் இருக்கிறது. உடம்பெல்லாம் சீழ்க்கொப்புளம் பூத்துப் படுத்திருக்கும் ஒருவரைப் பார்த்து இந்த வீடு அருவருப்பு அடைவதில்லை. அவர் உடம்பில் அம்மன் இறங்கியிருப்பதாக நம்புவதால், அவரைத் தொட்டுப் பார்க்கும் கையில் மரியாதை இருக்கிறது. மருந்துச் சீட்டில் எழுத முடியாத சிகிச்சை அது.

நோய் என்ற சொல்லே தமிழில் வலியிலிருந்து பிறந்தது. சங்க இலக்கியத்தில் காதலரைப் பிரிந்த துயரமும் நோய்தான். உடலில் கிருமி செய்வதும், அதை ஒரு மனிதர் அனுபவிப்பதும் வெவ்வேறு என்று அமெரிக்க மனநல மருத்துவரும் மானிடவியலாளருமான ஆர்தர் கிளைன்மன் விரிவாக எழுதியிருக்கிறார். மத நம்பிக்கை கிருமியைத் தொடுவதாகச் சான்று இல்லை. அனுபவத்தை அது ஆழமாகத் தொடுகிறது. எந்தத் திசையில் தொடுகிறது என்பது, துன்பப்படுகிறவரிடம் அந்த நம்பிக்கை என்ன சொல்கிறது என்பதைப் பொறுத்தது. "தெய்வம் உன்னிடம் வந்திருக்கிறது" என்று சொன்னால் ஒரு விளைவு. "தெய்வம் உன்னைக் கைவிட்டது" என்று சொன்னால் நேர் எதிர் விளைவு. இதற்குக் கணிசமான ஆதாரம் சேர்ந்திருக்கிறது.

தஞ்சையை ஒட்டிய புன்னைநல்லூரில் மாரியம்மனின் மூல உருவம் புற்று மண்ணால் ஆனது. அதற்கு அபிஷேகம் இல்லை; ஐந்தாண்டுக்கு ஒருமுறை ஒரு மண்டலம் தைலக்காப்பு நடக்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆண்ட மராட்டிய மன்னர் துளஜாவின் மகள் வைசூரியில், அதாவது பெரியம்மையில், பார்வை இழந்து, இங்கே வேண்டிக்கொண்டபின் மீண்டும் பெற்றாள் என்பது கோயில் வரலாறு. வைசூரி பலருடைய கண்ணைப் பறித்த நோய். அந்தக் கதையில் அக்காலத்துப் பெற்றோரின் அச்சம் முழுதும் இருக்கிறது. அதே அரச மரபில் பின்னர் வந்த இரண்டாம் சரபோஜி (ஆட்சி 1798-1832) தன்வந்திரி மகால் அமைத்து மருந்துகளை ஆராயச் செய்தார். கண் நோயாளிகளுக்குச் செய்த சிகிச்சையின் குறிப்புகளைக் கண்ணின் ஓவியங்களோடு பதிவு செய்யவும் வைத்தார். அவை சரசுவதி மகால் நூலகத்தில் காக்கப்பட்டன. அவரே புன்னைநல்லூர்க் கோயிலுக்குத் திருப்பணியும் செய்தவர். அறுவைக் கத்தியையும் அம்மனையும் ஒரே மன்னர் ஆதரித்ததை முரண்பாடு என்று சிலர் சொல்லக்கூடும். கண் தெரியுமா என்ற கேள்விக்கு ஒன்றையும், தெரியாமல் போனால் எப்படித் தாங்குவது என்ற கேள்விக்கு மற்றதையும் மனிதர்கள் நாடுகிறார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

அந்தத் தாங்கும் ஆற்றலை ஆய்வுக்கூடத்தில் அளக்க முடியுமா? 2008ஆம் ஆண்டில் வெளியான ஆக்ஸ்போர்டு ஆய்வு ஒன்றில் காத்யா வீக்கும் உடன் ஆய்வாளர்களும் பக்தியுள்ள கத்தோலிக்கர் 12 பேரையும் நம்பிக்கையற்றோர் 12 பேரையும் மூளை ஸ்கேன் கருவிக்குள் படுக்கவைத்து, கையில் சிறு மின்னதிர்ச்சி கொடுத்தார்கள். அப்போது மாதாவின் ஓவியம் ஒருமுறையும், மதத் தொடர்பற்ற லியனார்டோ டா வின்சியின் பெண் ஓவியம் ஒருமுறையும் காட்டப்பட்டன. மாதாவைப் பார்த்தபோது கத்தோலிக்கர்கள் வலி குறைந்ததாகச் சொன்னார்கள். வலிக்குத் தரும் பொருளை மாற்றியமைக்கும் முன்மூளைப் பகுதி அப்போது அவர்களிடம் கூடுதலாக இயங்கியது. மற்றவர்களிடம் அந்த மாற்றம் இல்லை. ஆகஸ்ட் 29 கொடியேற்றத்துக்குக் காவி உடுத்தி நாள்கணக்கில் வேளாங்கண்ணிக்கு நடக்கிறவர்களின் கொப்புளம் கண்ட பாதங்களை இதோடு சேர்த்து நினைத்துப் பார்க்கலாம். இப்படி வலி தணிவதை வெறும் பிரமை என்று ஒதுக்கவும் முடியாது. 1978இல் லெவினும் உடன் ஆய்வாளர்களும் பல் பிடுங்கப்பட்டவர்களிடம் செய்த சோதனையில், போலி மருந்தால் வலி தணிந்தவர்களுக்கு நலாக்சோன் கொடுத்ததும் வலி திரும்பியது. நலாக்சோன் என்பது மூளை தானே சுரக்கும் அபின் போன்ற பொருள்களைத் தடுப்பது. அதாவது, எதிர்பார்ப்பு உடலுக்குள் மெய்யான வேதிப்பொருளாக வேலை செய்கிறது.

இங்கே நியாயமான ஒரு மறுப்பு எழும். வேளாங்கண்ணியிலும் நாகூர் தர்காவிலும் சமயபுரத்திலும் மக்கள் கண், கை, கால் வடிவத் தகடுகளைக் காணிக்கையாகச் செலுத்துகிறார்கள். விரல் பட்டாலே வளையும் மெல்லிய தகடு. அதில் இரண்டு கண்களோ ஒரு பாதமோ புடைப்பாக அச்சிட்டிருக்கும். அவ்வளவு பேர் குணமானதற்கு இவை சாட்சி இல்லையா என்று பக்தர் கேட்பார். குணமானவர்தான் நேர்த்திக்கடன் செலுத்தத் திரும்ப வருகிறார். குணமாகாதவரின் தகடு எங்கும் தொங்குவதில்லை. மேலும், வலி உச்சத்தில் இருக்கும்போதுதான் வேண்டிக்கொள்கிறோம். பல நோய்கள் உச்சம் தொட்டபின் தாமாகவே தணிபவை. ஆகவே தகடுகளின் எண்ணிக்கை எதையும் நிரூபிக்காது. நேரடிச் சோதனையும் நடந்தது. அமெரிக்காவில் ஆறு மருத்துவமனைகளில் இதய பைபாஸ் அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட 1802 பேரை மூன்று பிரிவாக்கி, முன்பின் தெரியாதவர்களை வேண்டுதல் செய்யவைத்தார்கள்; முடிவு 2006இல் வெளியானது. தமக்காக வேண்டுதல் நடக்கிறதா என்று தெரியாத இரு பிரிவினரில், வேண்டப்பட்டவர்களில் 52 சதவீதத்தினருக்கும் வேண்டப்படாதவர்களில் 51 சதவீதத்தினருக்கும் சிக்கல் ஏற்பட்டது. நிச்சயமாக வேண்டுகிறார்கள் என்று சொல்லப்பட்ட பிரிவில் அது 59 சதவீதம். தொலைவிலிருந்து செய்யும் வேண்டுதல் அறுத்த இதயத்தைச் சீராக்கும் என்ற கூற்று அந்தச் சோதனையில் நிற்கவில்லை. அதை ஒப்புக்கொள்வதே நேர்மை.

ஆனால் என் வாதத்துக்கு முக்கியமான ஆய்வு கென்னத் பார்கமெண்ட் குழுவினர் 2001இல் வெளியிட்டது. மருத்துவமனையில் சேர்ந்த, 55 வயது கடந்த 596 நோயாளிகளை இரண்டு ஆண்டுகள் தொடர்ந்தார்கள். கடவுள் தன்னைக் கைவிட்டாரோ என்று மருகியவர்கள், அவருடைய அன்பையே சந்தேகித்தவர்கள், இது சாத்தானின் வேலை என்று முடிவுகட்டியவர்கள் ஆகியோர் அந்தக் காலத்தில் இறக்கும் வாய்ப்பு 19 முதல் 28 சதவீதம்வரை கூடுதலாக இருந்தது. உடல்நிலையின் வேறுபாட்டைக் கழித்த பிறகும் இந்த நிலை மாறவில்லை. நம் ஊர்ச் சொற்களில் இவை நமக்குத் தெரிந்தவைதான்: சாமி குத்தம், முன்வினை, செய்வினை. "என்ன பாவம் பண்ணினாரோ" என்று வாசலில் நின்று ஒருவர் சொல்லிவிட்டுப் போகும் வார்த்தை உள்ளே படுத்திருப்பவரின் காதில் விழுகிறது. அதே நம்பிக்கை உலகத்துக்குள் மாற்று மருந்தும் இருக்கிறது. மாசிக் கடைசி ஞாயிறு தொடங்கிப் பங்குனிக் கடைசி ஞாயிறுவரை 28 நாள் சமயபுரத்து அம்மனே பச்சைப்பட்டினி இருக்கிறாள். தளிகை இல்லை, துள்ளுமாவு, நீர்மோர், பானகம், இளநீர் மட்டும். அம்மை கண்டவரின் பத்தியத்தைத் தெய்வம் தானும் ஏற்கிறது. பக்தர்களுக்காக அவள் இருக்கும் விரதம் என்று மக்கள் சொல்கிறார்கள். துன்பப்படுகிறவர் தனியாக இல்லை என்பதை இதைவிடத் தெளிவாக ஒரு சமூகம் சொல்லிவிட முடியாது.

மனநோயில் இந்த இரு முனைகளும் இன்னும் கூர்மையாகத் தெரிகின்றன. தமிழ்நாட்டில் வேலாயுதம்பாளையம்புதூர் என்ற சிற்றூரின் முத்துசாமி கோயிலில் தங்கியிருந்த, கடும் மனநோய் கொண்ட 31 பேரை ரகுராமும் உடன் ஆய்வாளர்களும் 2000ஆம் ஆண்டில் ஆராய்ந்தார்கள். அங்கே மருந்தும் இல்லை, பேயோட்டலும் இல்லை. கோயில் வேலையில் கைகொடுத்து, உடன் வந்த உறவினரோடு சராசரி ஆறு வாரம் தங்கியதில், நோய்க்குறி அளவுகோல் மதிப்பு ஏறக்குறைய 20 சதவீதம் இறங்கியது. ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு குழு அந்த ஆய்வில் இல்லை. தானாகக் குறைந்திருக்கவும் கூடும். ஆய்வாளர்களே ஆதரவான சூழலைத்தான் முதற்காரணமாகக் கருதினார்கள். அடுத்த ஆண்டு ஆகஸ்ட் 6 அதிகாலை, ராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில் தனியார் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்து 28 பேர் இறந்தார்கள். சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்ததால் அவர்களால் ஓட முடியவில்லை. அவ்வூர்த் தர்காவின் அருளை நாடிக் குடும்பங்கள் கொண்டுவந்து விட்டவர்கள் அவர்கள். முதல் இடத்தில் குடும்பம் கூடவே தங்கியது. இரண்டாவதில் விட்டுவிட்டுப் போனது. பின்னாளில் ஏர்வாடியிலேயே தொழுகையோடு மருத்துவரின் மாத்திரையும் சேர்ந்து கிடைக்கும் அரசுத் திட்டம் வந்தது. அந்த 28 உயிர்களுக்குமுன் வந்திருக்க வேண்டிய ஏற்பாடு அது.

நம்பிக்கை சிகிச்சையைத் தாமதமாக்குகிறதே என்பது கடைசி மறுப்பு, அதுவே கனமானதும். "அம்மை போட்ட உடம்பில் ஊசி குத்தக்கூடாது" என்ற விலக்கு இன்றும் ஆபத்தானது. ஆனால் அதை மாற்ற நம்பிக்கையையே பிடுங்க வேண்டும் என்பதற்கு வரலாறு சான்று தரவில்லை. 1975க்குப் பிறகு இந்தியாவில் பெரியம்மை இல்லை. 1980இல் உலகமே அதிலிருந்து விடுபட்டதாக அறிவிக்கப்பட்டது. ஒழித்தது தடுப்பூசி. அதற்காக ஒரு மாரியம்மன் கோயிலையும் மூட வேண்டியிருக்கவில்லை. தடுப்பூசித் தழும்பேறிய அதே கைகள்தான் பூத்தட்டு ஏந்திச் சமயபுரம் போயின.

எனவே இதைப் படிக்கிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். வீட்டில் யாருக்கேனும் முத்துப் போட்டால் வேப்பிலை இருக்கட்டும், விரதம் இருக்கட்டும். அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் சொல்லுங்கள். பெரியவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் சின்னம்மை நுரையீரலைத் தாக்கக்கூடும். அசைக்ளோவிர் மருந்து முதல் தடிப்பு தோன்றிய 24 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நன்றாகப் பலன் தரும். நோயாளியின் காதுபட "சாமி குத்தம்" என்ற சொல்லை மட்டும் யாரும் உச்சரிக்காதீர்கள்.