பவர்டேபிளில் கலக்கும் பாட்டுகள்

திருப்பூரில் நண்பர்கள் பாட்டைப் பகிர்ந்துகொள்ளும் விதத்தை அறிய, பனியன் கம்பெனிகளின் பவர்டேபிள் பிரிவிலிருந்து, அதாவது ஓவர்லாக், பேட்லாக் முதலிய தையல் எந்திரங்கள் வரிசையாக ஓடும் பகுதியிலிருந்து தொடங்குவதே பொருத்தம். தேனிக்காரரும் ஒடிசாக்காரரும் பீகார்க்காரரும் ஒரே ஆர்டருக்காக அடுத்தடுத்து அமர்ந்து தைக்கும் அவ்விடத்தில், ஒருவரது ரசனை மற்றவர் காதுக்கு எட்டாமல் போக வழியில்லை.

கேசட் காலத்தில் இப்பகிர்வுக்கு மெனக்கெட வேண்டியிருந்தது. விரும்பிய பாட்டுகளை வெற்று நாடாவில் பதிந்து தந்த ரெக்கார்டிங் சென்டர்களுக்கான பட்டியலை நண்பர்கள் கூடி எழுதினர். 60 நிமிடக் கேசட்டின் ஒரு பக்கம் 30 நிமிடமே ஓடும் என்பதாலும், கடைசிப் பாட்டு பாதியில் அறுந்துவிடக் கூடாது என்பதாலும், ஆறேழு பாட்டுக்குள் எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்பதே வாக்குவாதமாக வளர்ந்தது. ரசனையைக் கூர்மையாக்கியது அந்த வாக்குவாதமே. அந்த ரசனையை விரிவாக்கும் தொகுப்பொன்றும் கேசட் காலத்திலேயே வந்தது. 1976இல் 'அன்னக்கிளி'யின் நாட்டார் மெட்டுகளோடு திரைக்கு வந்த இளையராஜா, 1986இல் தியாகராஜருக்கும் ஜெர்மானிய இசைமேதை பாகுக்கும் காணிக்கையாக 'ஹவ் டு நேம் இட்' என்னும் வாத்திய இசைத் தொகுப்பை வெளியிட்டார். சினிமாப் பாட்டு மட்டுமே கேட்டுவந்த நண்பரைக் கர்நாடக இசைக்கும் மேலைச் செவ்வியல் இசைக்கும் ஒருசேர அழைத்துச் செல்ல, தமிழ்நாட்டில் அதனினும் சிறந்த தொடக்கம் இல்லை.

இன்றைய பகிர்வு மொழி எல்லையையும் கடக்க வேண்டியிருக்கிறது. மேற்கு ஒடிசாவின் பேச்சுமொழியான சம்பல்பூரியில் மித்ரபானு கௌந்தியா எழுத, ஜிதேந்திர ஹரிபாலும் கிருஷ்ணா படேலும் பாடிய 'ரங்கபதி' அம்மாநிலத்தார் நெஞ்சோடு வைத்திருக்கும் பாட்டு. ஹரிபாலுக்கு 2017இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. வள்ளி-முருகன் திருமணக் கதையைப் பாடி ஆடும் கொங்கு நாட்டின் வள்ளிக் கும்மியைப் பெண்களுக்கும் பயிற்றுவித்த பத்திரப்பன் 2024இல் அதே விருதைப் பெற்றார். 'ரங்கபதி'யும் வள்ளிக் கும்மியும் தாளத்தால் உடலை அசைக்கும் மக்கள் இசை என்பதால், சொல் விளங்காதவரும் மெட்டை எளிதில் பற்றிக்கொள்ள முடியும்.

கைபேசிச் செயலி கேட்டதையொத்த பாட்டையே மீண்டும் நீட்டுகிறது; கேளாததை நீட்டுவதற்கு நண்பர் வேண்டும். ஆண்டுதோறும் நடைபெறும் திருப்பூர் புத்தகத் திருவிழாவின் மேடையில் ஒரு மாலையேனும் சம்பல்பூரிப் பாட்டுக்கும் போஜ்புரிப் பாட்டுக்கும் கும்மியோடு சேர்த்து ஒதுக்கப்பட வேண்டும். அவற்றைப் பாடத் தெரிந்தவர்கள் இவ்வூரின் பவர்டேபிள்களிலேயே இருக்கிறார்கள்.