மழைப் பதிவும் நிரல் எழுதும் முறையும்

மழைமானியை நாள்தோறும் காலை 8.30 மணிக்குப் பார்த்து, முந்திய 24 மணி நேரத்தில் பெய்த மழையின் அளவைப் பதிவேட்டில் குறிப்பது இந்திய வானிலைத் துறையின் வழக்கமாகும். மழை நாட்கள் எத்தனை, கனமழை நாட்கள் எவை என்பன மாத முடிவில் இப்பதிவிலிருந்து அறிய வேண்டியவை. இவ்வேலையைக் கணிப்பொறியிடம் ஒப்படைக்க மடக்கு, நிபந்தனைக் கூற்று என்னும் இரண்டு கருவிகளே போதும்.

ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்யுமாறு பணிப்பது மடக்கு. அது பதிவேட்டின் முதல் நாளில் தொடங்கி, ஒவ்வொரு நாளின் அளவாக எடுத்துக்கொண்டு இறுதி நாளில் நிற்கும். எடுத்த அளவை ஆராய்ந்து, 'இவ்வாறாயின் இதைச் செய்க. இன்றேல் அதைச் செய்க' என வழி பிரிப்பது நிபந்தனைக் கூற்று.

2.5 மில்லிமீட்டர் அல்லது அதற்கு மேல் பெய்த நாளே மழை நாள் எனப்படும். ஆதலின், மடக்கிற்கு முன்னர் எண்ணிக்கையைப் பூஜ்யமாக வைத்து, மடக்கினுள் 'அளவு 2.5 அல்லது அதற்கு மேலாயின் ஒன்று கூட்டுக' என எழுத வேண்டும். பூஜ்யமாக்கும் வரியை மடக்கினுள் இட்டால், நாள்தோறும் பழைய எண்ணிக்கை அழிந்து, இறுதி நாளின் கணக்கு மட்டுமே எஞ்சும்.

நிபந்தனைகளின் வரிசையிலும் கவனம் தேவை. 64.5 முதல் 115.5 மில்லிமீட்டர் வரை கனமழை, 115.6 முதல் 204.4 வரை மிகக் கனமழை. அதற்கு மேற்பட்டது அதிகனமழை. பெங்களூரில் 2024 ஜூன் 2-ஆம் நாள் 111.1 மில்லிமீட்டரும், 2022 செப்டம்பர் தொடக்கத்தில் ஒரே நாளில் 131.6 மில்லிமீட்டரும் மழை பதிவாயின. முன்னது கனமழை, பின்னது மிகக் கனமழை. '64.5 அல்லது அதற்கு மேலா?' என்பதை நிரல் முதலில் வினவுமாயின், இரண்டும் கனமழை என்றே குறிக்கப்படும். ஏனெனில், 'இன்றேல்' எனத் தொடுத்த நிபந்தனைகளைக் கணிப்பொறி மேலிருந்து கீழாக ஆராய்ந்து, முதலில் பொருந்துவதோடு நின்றுவிடும். வெள்ளம் விளைவித்த மழையும் பட்டியலில் ஒரு படி தாழ்ந்துவிடும். எனவே பெரிய எல்லையை முதலில் வினவுதல் வேண்டும்.

அளவெடுக்கப்படாத நாள் வேறு, மழையற்ற நாள் வேறு. ஆகவே 'குறிப்பு உண்டா?' என்பதே மடக்கினுள் முதல் வினாவாக அமைதல் நன்று.

நிரலை இயக்குமுன், 0.0, 2.4, 2.5, 111.1, 131.6 ஆகிய ஐந்து அளவுகளை மாணவர்கள் தாளிலேயே கணக்கிட்டுப் பார்க்கட்டும். மழை நாட்கள் மூன்று, கனமழை ஒன்று, மிகக் கனமழை ஒன்று என விடை வர வேண்டும். கணிப்பொறியின் விடை இதனோடு ஒத்தபின், மாதப் பதிவு முழுவதையும் அதனிடம் ஒப்படைக்கலாம்.