வெயிட்டிங் லிஸ்ட் 46-க்கு பெர்த்... 9-க்கு இல்லை! இரவு ரயிலின் ரகசியக் கணக்கு

'9-தானே... கண்டிப்பா கன்ஃபார்ம் ஆயிடும்' என்ற நம்பிக்கையில் பையையெல்லாம் கட்டிவைத்தாயிற்று. ரயில் இரவில். மதியமே எஸ்.எம்.எஸ் வருகிறது, டிக்கெட் ரத்து என்று. அதே ரயிலில், அதே இரவில், வெயிட்டிங் லிஸ்ட் 46-ல் இருந்த இன்னொருவர் ஜம்மென்று படுத்துக்கொண்டு ஊர் போகிறார். "இது என்னங்க நியாயம்?" என்று கொதிக்காதவர்கள் நம்மில் குறைவு.

இதில் தில்லுமுல்லு எதுவும் இல்லை. இரண்டு பேரும் ஒரே வரிசையில் நிற்கவில்லை, அவ்வளவுதான். ரயில்வேயில் வெயிட்டிங் லிஸ்ட் என்பது ஒன்றல்ல. எண்ணுக்கு முன்னால் இருக்கும் அந்த நான்கு எழுத்துகளை நாம் பார்ப்பதே இல்லை. நம் தலைவிதியை எழுதுவது அந்த நான்கு எழுத்துகள்தான்.

ஒரே ரயில், பல வரிசை

நெல்லை எக்ஸ்பிரஸை எடுத்துக்கொள்வோம். எழும்பூரில் ஏறித் திருநெல்வேலியில் இறங்குபவர்களுக்கு 'ஜி.என்.டபிள்யூ.எல்' எனப்படும் பொது வரிசை. ரயிலில் அதிகமான பெர்த்கள் இந்தப் பொதுக் கோட்டாவில்தான் இருக்கும். அதனால் அதில் ரத்தாகும் டிக்கெட்டுகளும் அதிகம், வரிசையும் வேகமாக நகரும். இதுவே விழுப்புரத்தில் ஏறி விருதுநகரில் இறங்குபவர் என்றால், அவர் பெரும்பாலும் 'பி.க்யூ.டபிள்யூ.எல்' வரிசைக்குத் தள்ளப்படுவார். வழியில் இருக்கும் பல ஊர்களுக்கும் சேர்த்து ஒதுக்கிய சின்னக் கோட்டா இது. பெர்த்தே கொஞ்சம்தான் என்பதால் ரத்தாவதும் கொஞ்சம்தான். இங்கே 9 என்பது, பொது வரிசையில் 46-ஐவிட மோசமான இடமாக இருக்கலாம்.

மூன்றாவது, 'ஆர்.எல்.டபிள்யூ.எல்'. வழியில் உள்ள முக்கியமான ஊர்களுக்குத் தனியாக ஒதுக்கும் கோட்டாவின் வரிசை. நான்காவது, 'டி.க்யூ.டபிள்யூ.எல்' என்ற தட்கல் வெயிட்டிங். இதற்கு ஆர்.ஏ.சி என்ற இடைப்படியே கிடையாது. கன்ஃபார்ம் ஆனால் ஆச்சு, இல்லையென்றால் ரத்து. சார்ட் போடும்போது பொது வரிசைக்கு முன்னுரிமை உண்டு. தட்கல் வெயிட்டிங்குக்கு அது இல்லை. கூடுதல் பணம் கட்டியும் பின்னால் நிற்க வேண்டியிருக்கிறதே என்றால், ஆமாம், அப்படித்தான்.

ஏன் இந்தப் பாகுபாடு? ரயில்வே தரப்பிலிருந்து யோசித்தால் புரியும். ஒரு பெர்த்தை எழும்பூர் - விழுப்புரம் என்று விற்றுவிட்டால், மிச்ச ராத்திரி முழுக்க அது காலியாகப் போகும் ஆபத்து இருக்கிறது. முழுத் தூரமும் போகிறவருக்கு அதே பெர்த் இல்லாமல் போகும். அதனால் முழுத் தூரப் பயணிகளுக்குப் பெரும் பங்கு, நடுவில் ஏறி இறங்குபவர்களுக்குச் சிறு பங்கு. கணக்கு சரிதான். அடிபடுவது சின்ன ஊர்க்காரர்கள்.

இதற்கு விதிகளுக்கு உட்பட்ட ஒரு வழி இருக்கிறது. உங்கள் ஊருக்கு எடுத்தால் பி.க்யூ வரிசை காட்டுகிறதா? ரயில் புறப்படும் இடத்திலிருந்து கடைசி நிலையம் வரை என்று போட்டுப் பாருங்கள். அங்கே இடமோ, நகரக்கூடிய பொது வரிசையோ இருந்தால் அந்த டிக்கெட்டை எடுத்துக்கொண்டு, 'போர்டிங் பாயின்ட்' என்ற இடத்தில் நீங்கள் ஏறும் ஊரைக் குறிப்பிடலாம். முன்னதாக இறங்கிக்கொள்ளவும் தடையில்லை. தூரம் கூடக்கூட கிலோமீட்டருக்கான கட்டணம் குறைந்துகொண்டே போகும் என்பதால், பல நேரங்களில் வித்தியாசம் பெரிதாக இருக்காது. எந்த ஊர் எந்தக் கோட்டாவில் வரும் என்பது ரயிலுக்கு ரயில் மாறும். பணம் கட்டும் முன் திரையில் தெரியும் எழுத்துகளைப் பார்த்துவிடுங்கள்.

போர்டிங் பாயின்ட்டைக் குறிப்பிட மறந்து, எழும்பூர் டிக்கெட்டோடு தாம்பரத்தில் ஏறிக்கொள்ளலாம் என்று இருந்துவிடாதீர்கள். இப்போது டி.டி.இ கையில் இருக்கும் சிறு கருவியிலேயே 'பயணி வரவில்லை' என்று பதிவாகி, பெர்த் ஆர்.ஏ.சி-யில் இருப்பவருக்குப் போய்விடலாம்.

மதியமே முடிவு தெரிந்துவிடும்

வெயிட்டிங் லிஸ்ட்டில் '60/46' என்று இரண்டு எண்கள் வரும். முதல் எண், டிக்கெட் எடுத்தபோது நீங்கள் நின்ற இடம், அது மாறாது. இரண்டாவது, இப்போது நிற்கும் இடம். பார்க்க வேண்டியது அதைத்தான்.

முன்பு ரயில் புறப்பட 4 மணி நேரம் இருக்கும்போதுதான் முதல் சார்ட் தயாராகும். 2025 ஜூலையில் அதை 8 மணி நேரத்துக்கு முன்பு என்று மாற்றினார்கள். இரவு ரயிலுக்கு மதியவாக்கிலேயே முடிவு தெரிந்துவிடுவதால், கிடைக்காதவர்கள் பஸ் தேட நேரம் இருக்கிறது. பயணிகளுக்குச் சாதகமாக அண்மையில் நடந்த மாற்றங்களில் இதைத்தான் நான் முதலில் வைப்பேன். முதல் சார்ட்டுக்குப் பிறகும் மிச்சம் இருக்கும் பெர்த்கள் கரன்ட் புக்கிங்கில் கிடைக்கும். சாதாரண நாள்களில் மாலை வாக்கில் ஒருமுறை பார்ப்பது வீண்போகாது. பண்டிகை நாளில் அந்த ஆசை வேண்டாம்.

ஆன்லைனில் எடுத்த டிக்கெட்டில் எல்லோருமே வெயிட்டிங்கில் நின்றுவிட்டால் அது தானாகவே ரத்தாகிப் பணம் திரும்பும். ஒரே பி.என்.ஆரில் ஒருவருக்காவது கன்ஃபார்ம் அல்லது ஆர்.ஏ.சி ஆகியிருந்தால் டிக்கெட் ரத்தாகாது. கவுன்ட்டரில் எடுத்தது தானாக ரத்தாகாது. ரயில் புறப்படுவதற்கு 30 நிமிடங்களுக்கு முன்பே நீங்கள்தான் ரத்து செய்ய வேண்டும். அந்த வெயிட்டிங் டிக்கெட்டை வைத்துக்கொண்டு ஸ்லீப்பரில் ஏறி 'அட்ஜஸ்ட்' செய்துகொள்வது ஒரு காலத்தில் வழக்கம். 2025 மே மாதத்திலிருந்து இதில் கெடுபிடி அதிகம். அபராதமும் வரும், பொதுப் பெட்டிக்கு இறக்கியும் விடுவார்கள்.

60 நாள் கணக்கும் நள்ளிரவுப் பொறியும்

முன்பதிவுக் காலம் 120 நாள்களாக இருந்தது. 2024 நவம்பர் 1 முதல் 60 நாள்கள், பயண நாள் தவிர்த்து. ஜனவரி 13 இரவு பொங்கலுக்குப் புறப்பட வேண்டுமானால், நவம்பர் 14 காலை 8 மணிக்குத் தயாராக இருக்க வேண்டும். ஏஜென்ட்டுகளையும் போலிக் கணக்குகளையும் தடுக்க, முன்பதிவு தொடங்கும் முதல் 15 நிமிடங்கள் ஆதார் சரிபார்த்த ஐ.ஆர்.சி.டி.சி கணக்குகளுக்கு மட்டும் என்று 2025 அக்டோபரில் கொண்டுவந்தார்கள். ஆதாரை இணைக்காமல் வைத்திருப்பவர்கள் பண்டிகைக்கு முந்தைய இரவில் அல்ல, இன்றைக்கே முடித்துவிடுவது நல்லது.

தட்கலுக்கும் 2025 ஜூலை முதல் ஆதார் கட்டாயம். ஏ.சி வகுப்புகளுக்குக் காலை 10 மணி, ஸ்லீப்பருக்கு 11 மணி. முதல் அரை மணி நேரம் ஏஜென்ட்டுகளுக்கு அனுமதி இல்லை. ஸ்லீப்பரில் கூடுதல் கட்டணம் 100 முதல் 200 ரூபாய் வரை, தேர்ட் ஏ.சி-யில் 300 முதல் 400 வரை. கன்ஃபார்ம் ஆன தட்கல் டிக்கெட்டை ரத்து செய்தால் பணம் திரும்பாது.

இரவு ரயிலுக்கே உரிய ஒரு பொறி, தேதி. சென்னையில் 13-ம் தேதி இரவு கிளம்பும் ரயில் திருச்சிக்கு வரும்போது நள்ளிரவைத் தாண்டி 14-ம் தேதி ஆகியிருக்கும். திருச்சியில் ஏறுபவர் 14-ம் தேதிக்குத்தான் டிக்கெட் எடுக்க வேண்டும். ஆனால் 13-ம் தேதி இரவே சாப்பிட்டுவிட்டு ஸ்டேஷனுக்குக் கிளம்ப வேண்டும். '14-ம் தேதி ராத்திரிதானே' என்று மறுநாள் இரவு வந்து நின்றால், ரயில் போய் ஏறக்குறைய ஒரு நாள் ஆகியிருக்கும். தட்கலுக்கும் ரயில் புறப்படும் ஊரின் தேதிதான் கணக்கு. அதாவது இந்த ரயிலுக்குத் திருச்சிக்காரரும் 12-ம் தேதி காலையே உட்கார வேண்டும்.

பாட்டிக்கு லோயர் ஏன் கிடைக்கவில்லை?

இரவுப் பயணத்தில் அதிகம் மனம் நோகும் விஷயம் இதுதான். எட்டு பெர்த் கொண்ட ஒவ்வொரு தடுப்பிலும் உண்மையான லோயர் இரண்டே இரண்டு. 1-ம் 4-ம். 7 சைடு லோயர். பழைய ஐ.சி.எஃப் ஸ்லீப்பர் பெட்டியில் 72 பெர்த், புதிய எல்.ஹெச்.பி பெட்டியில் 80. ஆக, 80 பேர் உள்ள பெட்டியில் 20 பேருக்குத்தான் லோயர். சைடு லோயர்களில் சிலவற்றை ஆர்.ஏ.சி-க்குக் கொடுத்து, ஒரு பெர்த்துக்கு இருவர் என உட்காரவைக்கிறார்கள். முழுக் கட்டணம் கட்டி, ராத்திரி முழுக்க முகம் தெரியாத ஒருவரோடு கால் நீட்டப் போராடுவது கொடுமைதான்.

மூத்த குடிமக்களுக்கான கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நின்றுபோனது. லோயர் பெர்த் ஒதுக்கீடு மட்டும் இன்னும் இருக்கிறது. 60 வயதைக் கடந்த ஆண்கள், 45 வயதைக் கடந்த பெண்கள், கர்ப்பிணிகள் ஆகியோருக்காக ஸ்லீப்பர் பெட்டிக்கு ஆறேழு லோயர் பெர்த்கள். ஆனால், இந்தக் கோட்டாவில் தனியாகவோ, தகுதியுள்ள இருவராகவோதான் டிக்கெட் எடுக்க முடியும். பேரன், பேத்தி, மகன், மருமகள் என்று ஆறு பேரை ஒரே டிக்கெட்டில் சேர்த்தால் பாட்டி அந்தக் கோட்டாவுக்குள் வரமாட்டார். தாத்தா, பாட்டிக்குத் தனி டிக்கெட், மற்றவர்களுக்குத் தனி டிக்கெட். பெட்டி மாறிப்போகலாம், ஆனால் முழங்கால் வலியோடு மிடில் பெர்த் ஏற வேண்டியிருக்காது.

மிடில் பெர்த்தை விரிக்கும் நேரம் இரவு 10 முதல் காலை 6 வரை. அதற்கு முன் விரித்தால் கீழே இருப்பவர் மறுக்கலாம். 10 மணிக்கு மேல் 'இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்துக்கறேன்' என்று கீழே இருப்பவரும் சொல்ல முடியாது.

சென்னைக்குச் சிகிச்சைக்கு வந்து திரும்பும் குடும்பங்களுக்கு ஒரு தகவல். புற்றுநோயாளிகளுக்கு ஸ்லீப்பரிலும் தேர்ட் ஏ.சி-யிலும் முழுக் கட்டணச் சலுகை உண்டு, உடன் வரும் ஒருவருக்கு 75 சதவிகிதம். மருத்துவமனைச் சான்றிதழுடன் கவுன்ட்டரில் எடுக்க வேண்டும். நோய், துக்கம், வேலைக்கான நேர்காணல் போன்ற காரணங்களுக்கு 'எமர்ஜென்சி கோட்டா'வில் விண்ணப்பிக்கவும் வழி உண்டு. எம்.பி-க்களுக்கும் அதிகாரிகளுக்கும் மட்டுமானது என்றே பலரும் நினைக்கிறார்கள். முதல் உரிமை அவர்களுக்குத்தான், உத்தரவாதமும் இல்லை. ஆனால், கேட்பதற்குத் தடையில்லை.

இன்னும் நாலு ரயில் விட்டால் என்ன?

எல்லோரும் கேட்கும் கேள்வி. பாண்டியன், நெல்லை, பொதிகை, முத்துநகர், அனந்தபுரி, கன்னியாகுமரி, மலைக்கோட்டை, சேது என்று தெற்கே போகும் இரவு ரயில்கள் எல்லாம் விழுப்புரம் வரை ஒரே தடத்தில்தான் போக வேண்டும். எல்லோருக்கும் சாயங்காலம் வேலை முடித்துக் கிளம்பி, விடிகாலையில் ஊரில் இறங்க வேண்டும். அந்தச் சில மணி நேரங்களுக்குள் நடைமேடையும் பாதையும் கிடைக்க வேண்டும்.

காலையில் சென்னைக்கு வரும் ரயில், நாம் ஆட்டோ பிடிப்பதற்குள் யார்டுக்கு நகர்ந்துவிடும். அங்கே பள்ளம் வெட்டிய தண்டவாளத்தில் நிறுத்தி அடிப்பகுதியைச் சோதிப்பது, பிரேக் பார்ப்பது, கழுவுவது, தண்ணீர் ஏற்றுவது, ஏ.சி பெட்டிக்குப் போர்வை, விரிப்பு மாற்றுவது என்று வேலை நடக்கும். அதை முடித்து மாலையில் நடைமேடைக்கு வந்தாக வேண்டும். புது ரயில் என்றால் பெட்டிகள் மட்டும் போதாது, இந்தப் பள்ளத் தண்டவாளத்திலும் இடம் வேண்டும். இருக்கும் ரயிலில் பெட்டிகளைக் கூட்டலாமே என்றால், நடைமேடையின் நீளம் ஓர் எல்லை. எல்.ஹெச்.பி-க்கு மாறும்போது பெட்டிக்கு எட்டு பெர்த் கூடுவது உண்மைதான். கூடவே ஸ்லீப்பர் பெட்டியைக் குறைத்து ஏ.சி பெட்டியைக் கூட்டினால், கூடுவது யாருக்கு என்ற கேள்வியும் வரும்.

2026 ஜனவரியில் ஹவுரா - குவாஹாட்டி இடையே முதல் வந்தே பாரத் ஸ்லீப்பர் ஓடத் தொடங்கியது. 16 பெட்டிகள், 823 பெர்த், எல்லாமே ஏ.சி. அதில் ஆர்.ஏ.சி கிடையாது. ஒரு பெர்த்தில் இருவர் என்ற கொடுமை இல்லை என்பது நிம்மதி. ஆனால், சாதாரண ஸ்லீப்பர் டிக்கெட் தேடி அலைபவருக்கு அது பதில் இல்லை.

தனியாகப் போகும் பெண்களுக்கு

ஸ்லீப்பர் வகுப்பில் பெண்களுக்கென்று ஆறு பெர்த் ஒதுக்கீடு உண்டு. டிக்கெட் எடுக்கும்போது 'லேடீஸ் கோட்டா' என்று தேர்வு செய்தால்தான் அது தெரியும். பொதுக் கோட்டாவில் வெயிட்டிங் காட்டும்போதும் இதில் இடம் இருக்கலாம். ரயில்வே சட்டம் 1989-ன் 139-வது பிரிவின்படி, ஆண் துணையின்றி வரும் பெண்ணையோ குழந்தையையோ டிக்கெட் பிரச்னைக்காக இரவு நேரத்தில், வழியில் ஏதோ ஒரு நிலையத்தில் இறக்கிவிட முடியாது.

ரயில்வே உதவி எண்ணும் அதே 139 என்பது தற்செயலாக இருக்கலாம். தொல்லை, திருட்டு, மருத்துவ உதவி எதுவானாலும் பெட்டி எண், பெர்த் எண்ணைச் சொல்லி அழைக்கலாம். அதிகாலை மூன்று மணிக்கு இறங்க வேண்டியவர்கள், ஊர் வருவதற்கு முன் எழுப்பிவிடும் 'டெஸ்டினேஷன் அலெர்ட்' வசதியையும் இதே எண்ணில் பதிந்துகொள்ளலாம். போனை மட்டும் சைலன்ட்டில் போட்டுவிடாதீர்கள்.