முதல் பக்கத்தில் இன்னொரு பெயர்

எடுக்கப்படாத ஒரு வேற்றுக்கிரகப் படமும் எழுத்தாளன் யார் என்ற தீராத கேள்வியும்

1967இல் லாஸ் ஏஞ்சலிஸ் போன சத்யஜித் ராய்க்கு அங்கே அதிர்ச்சி காத்திருந்தது. கல்கத்தாவில் அவர் எழுதி முடித்த 'தி ஏலியன்' திரைக்கதை, சைக்ளோஸ்டைல் பிரதிகளாக ஹாலிவுட்டில் கைமாறிக்கொண்டிருந்தது. முதல் பக்கத்தில் பதிப்புரிமை என்று போட்டு இரண்டு பெயர்கள். ஒன்று ராய். மற்றது மைக் வில்சன்.

யார் இந்த வில்சன்? இலங்கையில் குடியேறிய விஞ்ஞானப் புனைகதை மன்னர் ஆர்தர் சி. கிளார்க்கின் கடலடி நீச்சல் கூட்டாளி. முதல் சிங்கள வண்ணப் படமான 'ரன் முத்து துவ'வை 1962இல் இயக்கியவர். ராயின் யோசனையைக் கிளார்க் மூலம் கேள்விப்பட்டு, படத்துக்கு ஏற்பாடு செய்கிறேன் என்று கல்கத்தாவுக்கே வந்துவிட்டார். ராய் எழுதும்போது ஒன்றிரண்டு யோசனைகளும் சொன்னார். ராயைப் பொறுத்தவரை அவருடைய பங்கு அவ்வளவுதான்.

கதை முழுக்க முழுக்க வங்காள மண்ணில் முளைத்தது. கிராமத்துத் தாமரைக் குளத்தில் விண்கலம் ஒன்று விழுகிறது. நீருக்கு மேலே தெரியும் அதன் கூம்பைப் பார்த்து, மூழ்கிக் கிடந்த கோயில் எழும்பிவிட்டது என்று ஊரே கும்பிடுகிறது. உள்ளே இருப்பதோ ஒல்லியான, பெரிய தலையுடைய, விளையாட்டுத்தனமான ஒரு ஜீவன். ஏழைச் சிறுவன் ஹாபாவுடன் அது சிநேகமாகிறது. வயலை ஒரே இரவில் விளைய வைக்கிறது. இந்தச் சாதுவான விருந்தாளிக்கு முன்னோடி, ராய் 1962இல் 'சந்தேஷ்' சிறுவர் இதழில் எழுதிய 'பங்குபாபுர் பந்து' சிறுகதை.

கொலம்பியா நிறுவனம் தயாராக இருந்தது. மார்வாடி வியாபாரி வேடத்துக்குப் பீட்டர் செல்லர்ஸ் என்று பேச்சு. ஆனால் நிறுவனம் கொடுத்த முன்பணத்தில் ஒரு டாலரைக்கூடத் தான் பார்க்கவில்லை என்று ராய் பின்னாளில் எழுதினார். செல்லர்ஸ் விலகினார். வில்சன் ஒதுங்கினால் படம் எடுக்கலாம் என்ற நிலை வந்தபோது அவர் லேசில் ஒதுங்கவில்லை. கடைசியில் தலையை மழித்துச் சாமியாராகி, உரிமையை விட்டுக்கொடுத்து அவர் கடிதம் எழுதியபோது படத்தின் மீதிருந்த சூடு ஆறிப்போயிருந்தது.

1982இல் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க்கின் 'ஈ.டி.' வந்தது. சிறுவனுடன் சிநேகமாகும் சாதுவான வேற்றுக்கிரகவாசி. அமெரிக்கா முழுக்கத் தன் பிரதிகள் உலவியிராவிட்டால் இந்தப் படம் சாத்தியமாகியிருக்காது என்று ராய் வெளிப்படையாகவே சொன்னார். அந்தப் பிரதிகள் சுற்றிய காலத்தில் தான் பள்ளி மாணவன் என்பது ஸ்பீல்பெர்க்கின் பதில். (1946இல் பிறந்தவருக்கு 1967இல் வயது இருபது என்பது வேறு விஷயம்.) பெற்றோரின் மணமுறிவுக்குப் பின் தன் தனிமைக்குத் துணையாகக் கற்பனை செய்துகொண்ட நண்பனே ஈ.டி. என்றும் அவர் கூறியிருக்கிறார். திரைக்கதை மெலிஸ்ஸா மாத்திசன் என்றுதான் டைட்டில் சொல்கிறது. ராய் வழக்குப் போடவில்லை.

போட்டிருந்தாலும் சுலபமாக ஜெயித்திருக்க முடியாது. கருவுக்குப் பதிப்புரிமை கிடையாது, அதை வெளிப்படுத்திய விதத்துக்குத்தான் என்பது உலகெங்கும் விதி. 'நியூ டெல்லி' இந்திப் படம் தன் நாடகத்தின் நகல் என்று ஆர்.ஜி. ஆனந்த் தொடுத்த வழக்கில் நம் உச்ச நீதிமன்றமும் 1978இல் இதையே சொன்னது. விஞ்ஞானக் கதைக்காரனுக்கு இது பெரிய இடி. அவன் சரக்கே கருதானே!

ஹாலிவுட்டில் எழுத்தாளர் சங்கம் பலமானது. டைட்டிலில் யார் பெயர் என்பதில் தகராறு வந்தால் சக எழுத்தாளர்களே எல்லாப் பிரதிகளையும் படித்துத் தீர்ப்பு சொல்கிறார்கள். 1979இல் வந்த 'ஏலியன்' படத்தை வால்டர் ஹில்லும் டேவிட் கைலரும் பக்கம் பக்கமாகத் திருத்தினார்கள். இயந்திர மனிதன் ஆஷ் அவர்கள் கொண்டுவந்த பாத்திரம்தான். ஆனாலும் திரைக்கதை என்று டேன் ஓ'பேனன் பெயர் மட்டுமே வந்தது. சங்கத்தின் தீர்ப்பு அப்படி. 'டெர்மினேட்டர்' (1984) விவகாரம் வேறு மாதிரி. தான் எழுதிய தொலைக்காட்சிக் கதையின் சாயல் இருப்பதாக ஹார்லன் எலிசன் கொடி பிடித்தார். தயாரிப்புத் தரப்பு பணம் கொடுத்து, அவர் படைப்புகளுக்கு நன்றி என்று ஒரு வரியும் சேர்த்தது. இயக்குநர் ஜேம்ஸ் கேமரூனுக்கு அதில் கடைசிவரை சம்மதமில்லை.

சென்னையிலும் இந்தச் சண்டை உண்டு. 1996இல் வெளியான தன் 'ஜுகிபா' கதைதான் ஷங்கரின் 'எந்திரன்' (2010) என்று ஆரூர் தமிழ்நாடன் நீதிமன்றம் போனார். உயர் நீதிமன்றம் 2023இல் அவரது சிவில் வழக்கைத் தள்ளுபடி செய்தது. இதே விவகாரத்தை வைத்து 2025 பிப்ரவரியில் அமலாக்கத் துறை ஷங்கரின் சுமார் 10 கோடி ரூபாய்ச் சொத்துகளை முடக்கியது. அடுத்த மாதமே அதற்கு உயர் நீதிமன்றம் தடை விதித்தது.

எழுத்தாளர்களுக்குச் சட்டத்தில் பிடிமானமே இல்லாமல் இல்லை. உரிமையை விற்ற பிறகும் இது என் படைப்பு என்று சொல்லிக்கொள்ளும் உரிமையைப் பதிப்புரிமைச் சட்டத்தின் 57ஆவது பிரிவு தருகிறது. 2012 திருத்தத்துக்குப் பின், தியேட்டருக்கு வெளியே படம் பயன்படும்போது கிடைக்க வேண்டிய ராயல்டியை எழுதிக் கொடுத்துவிடவும் முடியாது. ஆனால் வாய்ப்புத் தேடும் இளைஞன் தயாரிப்பாளரிடம் இதையெல்லாம் பேசினால் காபி ஆறுவதற்குள் வாசலுக்கு வந்துவிடுவான்.

ராய் 1992இல் காலமானார். 'தி ஏலியன்' திரைக்கதை, அது பட்ட பாட்டைப் பற்றி அவரே எழுதிய கட்டுரையோடு 2018இல் புத்தகமாக வந்தது. அட்டையில் ஆசிரியர் என்று ஒரே பெயர்தான் இருக்கிறது.