கடைக் கணக்குக்குக் கணனி: வாங்கும் முன் வீட்டில் பேச வேண்டியவை



வற் வரி விபரத்திரட்டைக் கணனி வழியாக அனுப்ப எந்த மென்பொருள் நல்லது என்ற கேள்வி இன்று நமது பகுதியில் பல வீடுகளில் எழுந்திருக்கிறது. கிதாபு ஓதிக்கொடுக்கும் மௌலவிக்கும் வரிக் கணக்குக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்கக்கூடும். கொடுக்கல் வாங்கல் சட்டங்களைப் பாடமாக நடத்துகிறவனிடம், அது கடையில் எப்படி நடக்க வேண்டும் என்றும் கேட்கத்தான் செய்வார்கள். அதிலும் கேட்பவர்களில் பலர் பெண்கள். காத்தான்குடி, ஏறாவூர், ஓட்டமாவடி, வாழைச்சேனை எங்கும் கடையில் நிற்பவர் ஆணாக இருந்தாலும், இஷாவுக்குப் பிறகு பில் கட்டு வீட்டுக்கு வருகிறது. அதைக் கூட்டி எழுதுபவர் பல வீடுகளில் மனைவி, அல்லது மூத்த மகள். ஆகவே இதைக் குடும்பப் பத்திரிகையில் எழுதுவது பொருத்தமே.

முதலில் ஒன்றை மனதிற் கொள்ளுங்கள். விபரத்திரட்டை அனுப்புவதற்கென்று எந்த மென்பொருளையும் காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தின் 'ராமிஸ்' என்னும் மின்சேவை அதற்காகவே இருக்கிறது. அதற்குக் கட்டணமும் இல்லை. வரி செலுத்துநர் அடையாள இலக்கத்தையும், அதாவது நாம் 'டின் நம்பர்' என்று சொல்வதையும், இரகசிய இலக்கத்தையும் கொண்டு உள்ளே போய்ப் படிவத்தை நிரப்ப வேண்டும். வாங்கியவை, விற்றவை பற்றிய அட்டவணைகளைத் திணைக்களம் தந்திருக்கும் மாதிரிக் கோப்பில் இட்டு ஏற்ற வேண்டும். "வரி அனுப்பும் மென்பொருள்" என்று சொல்லி உங்கள் வாசலுக்கு வருகிறவர் உண்மையில் விற்பது, அந்த அட்டவணைகள் பிழையில்லாமல் வரும்படி அன்றாடக் கணக்கை எழுதும் மென்பொருளைத்தான். ஆகவே கேட்க வேண்டிய கேள்வி, "எது நன்றாக அனுப்பும்?" என்பதல்ல, "நமது வீட்டில் கணக்கு எழுதுகிறவரின் கைக்கு எது பொருந்தும்?" என்பதே.

அடுத்து, உங்கள் கடைக்கு இது தேவையா என்று பாருங்கள். வற் வரி நமது நாட்டில் 2002 ஆகஸ்ட் 1 முதல் இருக்கிறது. 2020 ஜனவரியில், வருடத்துக்கு 30 கோடி ரூபாவுக்கு மேல் புரள்வு உள்ளவர்களே பதிய வேண்டும் என்று எல்லையை உயர்த்தினார்கள். அப்போது நமது பக்கத்துக் கடைகளிற் பல இதை மறந்தே விட்டன. 2022 ஒக்டோபரில் அது 8 கோடியாயிற்று. 2024 ஜனவரியில் 6 கோடியாயிற்று. 2025 நவம்பரில் சமர்ப்பிக்கப்பட்ட வரவுசெலவுத் திட்டம், 2026 ஏப்ரல் முதல் அதை 3 கோடி 60 இலட்சமாகக் குறைக்க முன்மொழிந்தது. 6 கோடி என்றால் நாளொன்றுக்கு ஏறக்குறைய 1 இலட்சத்து 64 ஆயிரம் ரூபா விற்பனை. 3 கோடி 60 இலட்சம் என்றால் நாளொன்றுக்கு ஏறக்குறைய 1 இலட்சம். இது இலாபம் அல்ல, வரிக்குட்பட்ட விற்பனை. சீமெந்தும் தகரமும் விற்கிற ஒரு நடுத்தரக் கடைக்கு அந்த விற்பனை வர அதிக நேரம் ஆகாது. "நாங்கள் சின்னக் கடைதானே" என்று சொல்லிக்கொண்டிருப்பவர்கள் ஒரு மாத விற்பனையை உட்கார்ந்து கூட்டிப் பார்க்கட்டும். உங்களுக்குரிய எல்லை எது என்பதைத் திணைக்களத்தின் 1944 என்ற இலக்கத்தில் கேட்டு, கொப்பியில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பதியாத கடை பில்லில் வற் என்று போட்டு ஒரு சதமேனும் வாங்கக் கூடாது என்பதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்.

பில் கட்டோடு போங்கள்

மென்பொருள் விற்கிறவர் தன் கணனியில் காட்டும் கண்காட்சியைப் பார்த்து ஏமாறாதீர்கள். அதில் எல்லாம் அழகாகத்தான் ஓடும். சேலை வாங்கும்போது வெளிச்சத்தில் விரித்துப் பார்க்காமல் வாங்குவோமா? உங்கள் கடையின் ஒரு மாத பில்களைப் பையில் போட்டுக்கொண்டு போய், "இவற்றைப் பதிந்து காட்டுங்கள்" என்று கேளுங்கள். பதியும்போது விசைப்பலகையில் உட்கார வேண்டியவர் விற்பவர் அல்ல, நீங்கள்.

முதற் பரீட்சை இது. வற் வரி 18% இருக்கையில், வரியும் உட்பட 1,180 ரூபா என்று விலை சொன்ன ஒரு பொருளைப் பதியுங்கள். வரி 180 ரூபா என்று காட்ட வேண்டும். 212 ரூபா 40 சதம் என்று காட்டினால், அது வரி சேர்ந்த விலையின் மீதே மறுபடி வரி போடுகிறது. பேரம் பேசி "கடைசி விலை" சொல்லி விற்கும் நமது கடைகளில் எல்லா விலையும் வரி சேர்ந்த விலைதான். ஆகவே இது மிக முக்கியம்.

இரண்டாவது, ஒரே பில்லில் அரிசியையும் சவர்க்காரத்தையும் போடுங்கள். அரிசி, பாண், மரக்கறி போன்றவற்றுக்கு வரிவிலக்கு உண்டு, சவர்க்காரத்துக்கு இல்லை. பொருளுக்குப் பொருள் வரியைப் பிரித்து வைக்கத் தெரியாத மென்பொருள் பலசரக்குக் கடைக்கு உதவாது.

மூன்றாவது, வரி வீதத்துக்குத் திகதி உண்டா என்று பாருங்கள். 2019 டிசம்பரில் 15 சதவீதத்திலிருந்து 8 ஆக இறங்கிய வரி, 2022 ஜூனில் 12, அதே வருடம் செப்டெம்பரில் 15, 2024 ஜனவரியில் 18 என்று ஏறியது. 2023 டிசம்பரில் 15 சதவீதத்தில் விற்ற மின்விசிறி 2024 ஜனவரியில் திரும்பி வந்தால், பழைய வீதத்தில்தான் கழிக்க வேண்டும். வீதத்தை மாற்றியதும் பழைய பில்களையும் சேர்த்து மாற்றிவிடும் மென்பொருளும் உண்டு. அது கணக்கையே குழப்பிவிடும்.

வாங்கும் பக்கத்தை மறந்துவிடாதீர்கள். கொழும்பில் 1 இலட்சம் ரூபாவுக்குச் சரக்கு எடுத்து 18,000 ரூபா வரி கொடுத்தீர்கள். அதை ஒன்றரை இலட்சத்துக்கு விற்று 27,000 ரூபா வரி வாங்கினீர்கள். அரசாங்கத்துக்குச் செலுத்த வேண்டியது 9,000 ரூபா மட்டுமே. ஆனால் அந்த 18,000 ரூபாவைக் கழிக்க, 'வரிப் பட்டியல்' என்று தெளிவாக எழுதிய, விற்றவரின் வரி இலக்கமும் உங்கள் இலக்கமும் தொடர் இலக்கமும் உள்ள பில் கையில் இருக்க வேண்டும். சாதாரணச் சிட்டையில் வாங்கி வந்தால் 18,000 ரூபா போனதுதான். ஆகவே கொள்வனவுப் பில்லைப் பதியும்போது விற்றவரின் வரி இலக்கத்தைக் கேட்காமல் விடாத மென்பொருளே நல்லது.

பொருள்களின் பெயரைத் தமிழில் எழுத விரும்புவோர் யுனிகோட் எழுத்தை ஏற்கிறதா என்று கேளுங்கள். பாமினி எழுத்தில் அடித்த பட்டியல், அந்த எழுத்துரு இல்லாத கணனியில் வெறும் ஆங்கிலக் கிறுக்கலாகத் தெரிவதை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம்.

எவற்றைப் பார்க்கலாம் என்று பெயர் கேட்பீர்கள். மாதத்துக்கு நூறு, நூற்றைம்பது பில் உள்ளவருக்கு எக்செல் அட்டவணையே போதும். லிப்ரே ஒபிஸ் என்ற இலவச மென்பொருளிலும் அதைச் செய்யலாம். அதைவிடப் பெரிய கடைக்கு, பெங்களூரில் 1986 இல் தொடங்கிய டாலி இருக்கிறது. வளைகுடா நாடுகளில் கணக்குப் பிரிவில் வேலை செய்து வந்த நம் பிள்ளைகளிற் பலருக்கு அது பழக்கம். வீட்டில் ஏற்கெனவே தெரிந்தவர் இருப்பது ஒரு பெரிய தகுதி. இணையத்தில் இயங்கும் சோஹோ புக்ஸ், குவிக்புக்ஸ் போன்றவையும் உண்டு. ஆனால் குவிக்புக்ஸை இந்தியாவில் நிறுத்தப் போவதாக அதன் நிறுவனம் 2022 இல் அறிவித்து, 2023 இல் நிறுத்தியே விட்டது. அங்குள்ள சிறு வியாபாரிகள் கணக்குகளைத் தூக்கிக்கொண்டு வேறிடம் தேட வேண்டியதாயிற்று. எனவே எதை வாங்கினாலும், "என் கணக்கு முழுவதையும் எக்செல் கோப்பாக வெளியே எடுத்துக் காட்டுங்கள்" என்று முதலிலேயே கேளுங்கள்.

மலிவாகக் கிடைக்கிறதென்று திருட்டுப் பிரதி போட்டுத் தருவோர் உண்டு. நூல், கண்டுபிடிப்பு, வணிகப் பெயர் ஆகியவற்றின் உரிமைகள் ஷரீஅத் பாதுகாக்கும் சொத்துரிமைகளே, அவற்றை மீறுவது கூடாது என்று சர்வதேச இஸ்லாமிய பிக்ஹ் அகடமி 1988 இல் குவைத்தில் கூடிய அமர்வில் தீர்மானித்தது. ஹலாலான வியாபாரத்தின் கணக்கைத் திருட்டு மென்பொருளில் எழுதுவதில் என்ன பரக்கத் இருக்கிறது? வரி வீதம் மாறும்போது அதற்குத் திருத்தமும் கிடைக்காது.

பில்லை அழிக்கும் வசதி

சில விற்பனையாளர்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டு ஒரு வசதியைச் சொல்வார்கள்: "வேண்டாத பில்லை அழித்துவிடலாம், தடயமே இருக்காது." வரிக்கு ஒரு கணக்கு, வீட்டுக்கு ஒரு கணக்கு என்பதற்கான வழி அது. வரி கூடாது, குறையாது என்றெல்லாம் நம்மவர்கள் விவாதிப்பார்கள். அந்த விவாதம் ஒரு பக்கம் இருக்கட்டும். வாடிக்கையாளரிடம் "இது வரி" என்று சொல்லி வாங்கிய பணம் உங்கள் இலாபம் அல்ல. உங்கள் கையில் இருக்கும் அமானத். பில்லை அழித்து அதைப் பைக்குள் போட்டால், மோசடி செய்வது அரசாங்கத்தை மட்டுமல்ல, அந்தப் பெயரைச் சொல்லி யாரிடம் வாங்கினீர்களோ அவரையும்தான்.

சவூதி அரேபியாவில் 2018 இல் 5 சதவீதத்தில் தொடங்கிய வற் வரி 2020 ஜூலையில் 15 ஆக உயர்ந்தது. 2021 டிசம்பர் 4 முதல் கடைகள் மின்பில்தான் கொடுக்க வேண்டும் என்றாக்கினார்கள். அங்கே கொடுத்த பில்லை அழிக்க முடியாது. பிழையென்றால் திருத்தப் பில் எழுத வேண்டும். அந்த முறையில் இயங்கும் மென்பொருளையே கேட்டு வாங்குங்கள். அது உங்களுக்கும் பாதுகாப்பு. கல்லாவில் நிற்கும் வேலைக்காரப் பையன் பணத்தை எடுத்துவிட்டுப் பில்லை அழித்தாலும் தெரியாமல்தானே போகும்!

யாருடைய கையில் திறப்பு?

இங்கேதான் பெண்கள் மிகக் கவனமாக இருக்க வேண்டும். கணவர் வெளிநாட்டில் இருப்பதால் கடை மனைவியின் பெயரில் பதியப்பட்டிருக்கும். டின் இலக்கம் அவருடையது. ஆனால் மின்சேவையின் இரகசிய இலக்கம் கணக்குப் பார்க்கிறவரிடம். பதிந்த மின்னஞ்சலும் கைத்தொலைபேசி இலக்கமும்கூட அவருடையவை. அவர் என்ன அனுப்பினார், அனுப்பினாரா இல்லையா என்பதே வீட்டில் தெரியாது. ஆனால் தண்டப்பணத்துக்கான கடிதம் வரும்போது யாருடைய பெயருக்கு வரும்?

குர்ஆனின் மிக நீண்ட வசனம் சூரத்துல் பகராவின் 282 ஆவது வசனம். அது தொழுகையைப் பற்றியதோ நோன்பைப் பற்றியதோ அல்ல, கடனை எழுதி வைப்பதைப் பற்றியது. எழுதுபவர் நீதியாக எழுத வேண்டும் என்று சொல்லும் அதே வசனம், வாசகத்தைச் சொல்ல வேண்டியவர் யாரென்றும் சொல்கிறது: எவர் மீது பொறுப்பு இருக்கிறதோ அவர். எழுதுபவர் வேறொருவராக இருக்கலாம். வாசகம் அவருடையது அல்ல. கணக்காளரை வைத்துக்கொள்ளுங்கள், அது நல்லதே. ஆனால் மின்னஞ்சலும் தொலைபேசி இலக்கமும் உங்களுடையதாக இருக்கட்டும். அவர் நிரப்பித் தந்ததை நீங்கள் ஒரு முறை வாசித்துப் பார்த்த பிறகே அனுப்பும் பொத்தானை அழுத்த வேண்டும். பெரும்பாலானோருக்கு இது 3 மாதங்களுக்கு ஒரு முறை வரும் வேலைதான். அனுப்பியதற்கான பற்றுச்சீட்டை அச்சிட்டுக் கோவையில் வையுங்கள். கணக்குகளை 5 வருடங்கள் பாதுகாப்பது சட்டப்படியான கடமை.

பாதுகாப்பது என்றால் கடைக் கணனியில் மட்டும் வைத்திருப்பதல்ல. கடலுக்கும் வாவிக்கும் நடுவே ஒரு நீளத் துண்டு நிலத்தில் வாழ்கிறோம் நாம். 2004 டிசம்பர் 26 இல் கடல் வந்தபோது எத்தனை கொப்பிகளும் உறுதிகளும் போயின! கிழமைக்கு ஒரு பிரதி எடுத்து, கண்டியிலோ கொழும்பிலோ இருக்கும் காக்காவுக்கோ ராத்தாவுக்கோ அனுப்பி வைக்கலாம். இணையத்தில் சேமிப்பதும் நல்லதே.

இன்னுமொன்று. வரி வருடம் ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடிகிறது. ஸகாத்தின் ஆண்டோ சந்திர ஆண்டு, ஏறக்குறைய 354 நாள். நமது ஷாபிஈ மத்ஹபின்படி வியாபாரச் சரக்கை அந்த ஆண்டு முடியும் நாளின் விலைக்கு மதிப்பிட்டு ஸகாத் கணக்கிட வேண்டும். ரமழான் பிறை 1 இல் ஸகாத் கணக்குப் பார்க்கும் குடும்பம், அந்த வேலைகளுக்கு நடுவே கடையைப் பூட்டிச் சரக்கு எண்ணுவது எவ்வளவு சிரமம் என்பது உங்களுக்குத் தெரியும். "நான் கேட்கும் எந்தத் திகதியிலும் கடையில் இருந்த சரக்கின் அளவைக் காட்டுமா?" என்று விற்பவரிடம் கேளுங்கள். சில மென்பொருள்கள் இன்றைய இருப்பை மட்டுமே காட்டும். கடந்த மாதத்தின் ஒரு திகதியைச் சொல்லி, அங்கேயே காட்டச் சொல்லுங்கள்.