உறுதிமொழியில் கடவுள்: இரண்டு சொற்களும் இரண்டு கேள்விகளும்



சபைகூடலில் நாம் எல்லாரும் நின்று ஒரே குரலில் சிலவற்றைச் சொல்கிறோம். சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டதால் சொற்களை அவ்வளவாகக் கவனிப்பதில்லை. அமெரிக்காவிலோ பள்ளிப் பிள்ளைகள் சொல்லும் கொடி உறுதிமொழியில் உள்ள இரண்டே சொற்களுக்காகப் பலமுறை நீதிமன்றம்வரை போயிருக்கிறார்கள்.

இதை என் படிவம் 5 மாணவர்களுக்கு விவாதக் கட்டுரைத் தலைப்பாகக் கொடுத்தேன். பாதிப் பேர் 'கட்டாயப்படுத்துவது தவறு' என்று பக்கம் பக்கமாக எழுதினார்கள். ஆனால் மாணவரைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1943-லேயே சொல்லிவிட்டது. அப்படின்னா அதற்குப் பிறகும் ஏன் வழக்கு? இங்கே இருப்பது ஒரு கேள்வி அல்ல, இரண்டு. அவற்றைப் பிரித்துப் பார்த்தால்தான் விஷயம் விளங்கும்.

உறுதிமொழி வந்த வழி

கொலம்பஸ் அமெரிக்காவை அடைந்த 400ஆம் ஆண்டு நிறைவையொட்டி, 1892இல் 'யூத்ஸ் கம்பேனியன்' என்ற இதழில் இந்த உறுதிமொழி வெளிவந்தது. எழுதியவர் பிரான்சிஸ் பெல்லமி. அவர் ஒரு பாப்டிஸ்ட் போதகர். போதகரே எழுதியிருந்தும், அதில் கடவுளைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

1942இல் நாடாளுமன்றம் அதைச் சட்டத்தில் சேர்த்தது. 1954இல் 'ஒரே நாடு' என்ற தொடருக்கும் 'பிரிக்க முடியாத' என்ற சொல்லுக்கும் நடுவில் 'கடவுளின் கீழ்' என்று பொருள்படும் இரண்டு ஆங்கிலச் சொற்களைச் செருகியது. 'நைட்ஸ் ஆஃப் கொலம்பஸ்' என்ற கத்தோலிக்க அமைப்பு இதற்காக முன்பே குரல் கொடுத்து வந்தது. அது பனிப்போர்க் காலம். கடவுளை மறுக்கும் கம்யூனிசத்திலிருந்து தங்கள் நாடு வேறுபட்டது என்று காட்டுவதே நோக்கம் என்பது அன்றைய நாடாளுமன்ற அறிக்கையிலேயே இருக்கிறது. அதிபர் ஐசனோவர் ஜூன் 14 அன்று கையெழுத்திட்டார். ஜூன் 14 அங்கே கொடி நாள்.

முதல் கேள்வி: சொல்லச் சொல்லி வற்புறுத்தலாமா?

இந்தக் கேள்வி அந்த இரண்டு சொற்கள் வருவதற்கு முன்பே எழுந்தது. யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறிஸ்துவப் பிரிவினர், கொடிக்கு வணக்கம் செலுத்துவது உருவ வழிபாட்டுக்குச் சமம் என்று நம்புகிறார்கள். பென்சில்வேனியாவில் அப்படி மறுத்த இரு பிள்ளைகள் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டார்கள். 1940இல், கொபைட்டிஸ் வழக்கில், உச்ச நீதிமன்றம் 8-க்கு 1 என்ற கணக்கில் பள்ளியின் பக்கம் நின்றது. தீர்ப்புக்குப் பின் அந்தப் பிரிவினர் பல ஊர்களில் தாக்கப்பட்டார்கள்.

மூன்றே ஆண்டுகளில் நிலைமை தலைகீழானது. 1943இல், அதுவும் ஜூன் 14 அன்றுதான், பார்னெட் வழக்கில் 6-க்கு 3 என்ற கணக்கில் நீதிமன்றம் தன் பழைய தீர்ப்பையே மாற்றியது. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி ராபர்ட் ஜாக்சன். மாணவர்களே, அவர் சொன்ன காரணத்தைக் கவனியுங்கள். மதச் சுதந்திரத்தை மட்டும் அவர் பிடித்துக்கொள்ளவில்லை. பேச்சுச் சுதந்திரத்தை அடிப்படையாக வைத்தார். பேசும் உரிமைக்குள்ளே பேசாதிருக்கும் உரிமையும் அடங்கும். ஆகவே இந்தப் பாதுகாப்பு ஒரு மதத்தாருக்கு மட்டும் உரியது அல்ல. எந்தக் காரணத்துக்காகவும் ஒரு மாணவர் வாய்மூடி இருக்கலாம். முதல் கேள்விக்கு இதுதான் விடை.

இரண்டாம் கேள்வி: வற்புறுத்தாவிட்டாலும் அரசு அந்தச் சொற்களை வைக்கலாமா?

அமெரிக்க அரசியலமைப்பின் முதல் திருத்தம், அரசு எந்த மதத்தையும் நிறுவக்கூடாது என்கிறது. அப்படியானால் அரசுப் பள்ளியில், ஆசிரியர் முன்நின்று, 'கடவுளின் கீழ்' என்று தினமும் சொல்லலாமா?

கலிபோர்னியாவில் மைக்கேல் நியூடவ் என்ற மருத்துவர் இதைத்தான் கேட்டார். அவர் கடவுள் நம்பிக்கை இல்லாதவர், சட்டமும் படித்தவர். அவருடைய மகள் தொடக்கப்பள்ளி மாணவி. 'என் மகளைச் சொல்ல வைத்தார்கள்' என்பது அவர் புகார் அல்ல. கடவுள் உண்டு என்று அரசும் ஆசிரியரும் அவள் முன்னால் தினமும் அறிவிப்பதே அவருக்குச் சிக்கல். 2002இல் ஒன்பதாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் 2-க்கு 1 என்ற கணக்கில் அவர் சொன்னதை ஏற்றது. நாடே கொந்தளித்தது.

வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. தம் வழக்கைத் தாமே வாதாடினார் நியூடவ். 2004இல், மறுபடியும் ஜூன் 14 அன்று, தீர்ப்பு வந்தது. எல்லாரும் எதிர்பார்த்த கேள்விக்கு விடை கிடைத்ததா? இல்லை. மகளைப் பற்றி இறுதி முடிவெடுக்கும் உரிமை தாயிடம் இருந்தது. தாய்க்கோ உறுதிமொழியில் ஆட்சேபம் இல்லை. எனவே மகள் சார்பில் வழக்குப் போடும் தகுதி தந்தைக்கு இல்லை என்று பெரும்பான்மை நீதிபதிகள் முடித்துக்கொண்டார்கள். மூன்று நீதிபதிகள் மட்டும், அந்தச் சொற்கள் செல்லும் என்று தனித்தனியாக எழுதினார்கள்.

2010இல் அதே ஒன்பதாவது வட்டார நீதிமன்றம், வேறொரு வழக்கில், 2-க்கு 1 என்ற கணக்கில் அந்தச் சொற்கள் செல்லும் என்றது. 2014இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் உயர்ந்த நீதிமன்றமும், அம்மாநில அரசியலமைப்பின்படி தொடுத்த வழக்கில், உறுதிமொழிக்குத் தடையில்லை என்றது.

வென்ற வாதமும் அதன் விலையும்

இங்கதான் மொழி ஆசிரியர்களான நமக்கு வேலை இருக்கிறது. 2010 தீர்ப்பு உறுதிமொழியை முழுமையாகப் படித்தது. முழுவதும் நாட்டைப் பற்றியது. ஆகவே நடுவில் வரும் தொடரும் நாட்டுப்பற்றையே சொல்கிறது, அது வழிபாடு அல்ல என்றது. மாறுபட்ட நீதிபதி அந்த இரண்டு சொற்களை மட்டும் பார்த்தார். 1954இல் ஏன் சேர்த்தார்கள் என்று கேட்டார். தொடரின் பொருளைச் சூழலிலிருந்து எடுப்பதா, சேர்த்தவரின் நோக்கத்திலிருந்து எடுப்பதா? கருத்துணர்தல் பாடத்தில் நாம் தினமும் பார்க்கும் சிக்கல்தான் இது.

இன்னொரு வாதமும் உண்டு. பல்லாண்டுப் பழக்கத்தால் இத்தகைய சொற்கள் வெறும் சடங்குச் சொற்களாகிவிட்டன என்பது அது. நம் வீட்டில் தட்டு கைதவறி விழுந்தால் 'கடவுளே!' என்கிறோமே, அதை யாராவது பிரார்த்தனை என்பார்களா?

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் யோசித்துப் பாருங்கள். தட்டு விழும்போது தானாக வாயில் வரும் சொல்லும், ஆசிரியர் முன்நின்று சொல்ல, வகுப்பே எழுந்து சொல்வதும் ஒன்றா? அதைவிட, உண்மையான பக்தருக்கு இந்த வாதம் மகிழ்ச்சி தருமா? கடவுளின் பெயரைக் காப்பாற்ற, 'அந்தப் பெயருக்கு இங்கே பெரிய பொருள் எதுவும் இல்லை' என்று வாதாட வேண்டியிருக்கிறது. சொல் மிஞ்சுகிறது, பொருள் தேய்கிறது. பெல்லமி என்ற போதகர் கடவுள் இல்லாமலேயே நாட்டுப்பற்றை எழுதினார் என்பதை இப்போது நினைத்துப் பாருங்கள்.

வேறு நாடுகளில்

முதல் கேள்வி ஆசியாவிலும் எழுந்திருக்கிறது. கேரளத்தில் யெகோவாவின் சாட்சிகளான மூன்று பிள்ளைகள் தேசிய கீதத்தின்போது மரியாதையாக எழுந்து நின்றார்கள், ஆனால் பாடவில்லை. பள்ளி அவர்களை நீக்கியது. 1986இல் இந்திய உச்ச நீதிமன்றம் பிள்ளைகளின் பக்கம் நின்றது. சிங்கப்பூரிலோ, பற்றுறுதி எடுக்கவும் தேசிய கீதம் பாடவும் மறுத்து வேலை இழந்த அதே பிரிவைச் சேர்ந்த ஆசிரியர் ஒருவர், 1999இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் தோற்றார். இத்தனைக்கும் யாழ்ப்பாணத்தில் பிறந்த எஸ். ராஜரத்தினம் 1966இல் வரைந்த அந்தப் பற்றுறுதியில் கடவுள் இல்லை; மதம் என்ற சொல் வருவதே வேற்றுமை பாராட்டக் கூடாது என்பதற்காகத்தான். ஆக, கடவுள் பெயர் இல்லாத உரையும் ஒருவர் மனசாட்சியோடு மோதலாம்.

நம் ருக்குன் நெகாராவின் முதல் கோட்பாடே இறைவன் மீது நம்பிக்கை வைத்தல். 1969 மே 13-க்குப் பிறகு, 1970 ஆகஸ்ட்டு 31 அன்று அது அறிவிக்கப்பட்டது. அமெரிக்கத் தீர்ப்பை அப்படியே எடுத்து இங்கே பொருத்தக்கூடாது. நம் அரசியலமைப்பின் 3ஆம் பிரிவு இஸ்லாத்தைக் கூட்டரசின் மதம் என்கிறது. 11ஆம் பிரிவு மதச் சுதந்திரத்தைத் தருகிறது. அடித்தளமே வேறு.

தேர்வு எழுதுவோருக்கு

இத்தகைய தலைப்பு வந்தால் முதலில் இரண்டு கேள்விகளையும் தனித்தனிப் பத்திகளாகப் பிரியுங்கள். 'வற்புறுத்தல் தவறு' என்பதை நிறுவிவிட்டால், 'அந்தச் சொற்கள் இருக்கக் கூடாது' என்பது தானாக நிறுவப்படாது. எதிர்த்தரப்பின் வலுவான வாதத்தை எடுத்து விடை சொல்லுங்கள். எந்த நாட்டின் சட்டத்தைப் பற்றி எழுதுகிறீர்கள் என்பதையும் தெளிவாகக் குறிப்பிடுங்கள்.

ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை. அடுத்த சபைகூடல் முடிந்து வகுப்புக்கு வந்ததும், சற்றுமுன் சொன்னதில் ஒரு தொடரைக் கரும்பலகையில் எழுதி, 'இதன் பொருள் என்ன?' என்று கேட்டுப் பாருங்க. அந்தப் பத்து நிமிடம் வீண்போகாது.