சக்கர நாற்காலியோடு வெளியூர் பயணம்: கம்ப்யூட்டரில் ஓட்டல் அறை தேடுவது எப்படி?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கி இன்டர்நெட் இணைப்பும் எடுத்தவர்கள் ஆர்வமாகச் செய்யும் முதல் வேலைகளில் ரயில் டிக்கெட் பதிவும் ஓட்டல் அறை பதிவும் உண்டு. இரண்டுமே இன்று பத்து நிமிட வேலைதான். ஆனால் வீட்டில் சக்கர நாற்காலி பயன்படுத்துபவர் ஒருவர் இருந்தால் ஓட்டல் அறைப் பதிவைப் பத்து நிமிடத்தில் முடிக்க முடியாது, முடிக்கவும் கூடாது. தளத்தில் சக்கர நாற்காலிச் சின்னம் இருப்பதைப் பார்த்துப் பணம் கட்டிவிட்டு, போய் இறங்கிய பிறகு வாசலில் நான்கு படிகளைக் கண்டு திகைப்பவர்கள் பலர். அந்தத் திகைப்பை வீட்டில் உட்கார்ந்தபடியே தவிர்ப்பது எப்படி என்று பார்ப்போம்.

நான் சாப்ட்வேர் நிறுவனத்தில் வேலை செய்கிறேன். வீடு வட சென்னையில், காத்திவாக்கத்தில். வேலையில் நடந்த விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு, அப்பா ஒன்பது ஆண்டுகளாகச் சக்கர நாற்காலியில் இருக்கிறார். சொந்தக்காரர் வீட்டு விசேஷம், கோயில், மருத்துவமனை என்று எங்கு போனாலும் அறை தேடும் பொறுப்பு என்னுடையது. அந்த அனுபவத்தில் தேறிய வழிமுறைகள்தான் இவை.

ஏன் இவ்வளவு கவனம்?

தென் மாவட்டத்தில் ஒரு விடுதி. ‘வீல்சேர் வசதி உண்டு’ என்று போனிலும் உறுதி சொன்னார்கள். வாசலில் சாய்தளம் இருந்தது, லிஃப்ட் இருந்தது, அறையும் பெரியது. குளியலறைக் கதவு மட்டும் 60 செ.மீ. அப்பாவின் நாற்காலி 66 செ.மீ. ஆறு சென்டிமீட்டர்தான் வித்தியாசம். ஆனால் அந்த இரண்டு நாளும் அவரை நானும் தம்பியும் தூக்கித்தான் உள்ளே கொண்டு போனோம். மறுநாள் காலையில் தண்ணீர் கொடுத்தபோது, ‘இப்ப வேணாம்பா, ஊருக்குப் போய் குடிச்சுக்கிறேன்’ என்றார். மற்றவர்களுக்குத் தொந்தரவு கொடுக்க வேண்டாம் என்று பயணத்தில் தண்ணீரையே குறைத்துக்கொள்வது சக்கர நாற்காலியில் இருப்பவர்கள் பலரிடமும் உள்ள பழக்கம். முதுகுத்தண்டு பாதிக்கப்பட்டவர்களுக்கு அது சிறுநீர்த் தொற்றில் கொண்டுபோய் விடும். ஆகவே ஓட்டல் அறையில் கதவின் அகலம் என்பது உடல்நலம் சம்பந்தப்பட்ட விஷயம்.

முதல் வேலை: டேப்பை எடுங்கள்

கம்ப்யூட்டரைத் தொடும் முன் உங்கள் நாற்காலியை அளந்துகொள்ளுங்கள். உட்காரும் இடத்தின் அகலம் போதாது. சக்கரங்களை உருட்டும் வெளி வளையத்தோடு சேர்த்து, ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை அளக்க வேண்டும். பிறகு நீளம் (கால் வைக்கும் பலகையோடு), தரையிலிருந்து இருக்கையின் உயரம். இந்த மூன்று எண்களையும் நோட்பேடில் டைப் செய்து, ‘பயணம்’ என்று ஒரு ஃபோல்டர் உருவாக்கி அதில் சேமித்துவிடுங்கள். ஒவ்வொரு பயணத்துக்கும் இது உதவும்.

இப்போது ஓட்டலில் எதிர்பார்க்க வேண்டிய அளவுகள்:

1. கதவு: திறந்த நிலையில் கிடைக்கும் இடைவெளி 90 செ.மீ. இருந்தால் நிம்மதி. சட்டத்திலிருந்து சட்டம் வரை அளந்து சொல்வார்கள். அதில் கதவின் தடிமன் போய்விடும். எனவே ‘திறந்த பிறகு எவ்வளவு?’ என்றே கேளுங்கள்.

2. திரும்பும் இடம்: நாற்காலி முழுதாக ஒரு சுற்றுச் சுற்ற 150 செ.மீ. விட்டமுள்ள வெற்றுத் தரை வேண்டும். அறையில் ஒரு இடம், குளியலறையில் ஒரு இடம்.

3. சாய்தளம்: ஒரு பங்கு உயரத்துக்குப் பன்னிரண்டு பங்கு நீளம். வாசலில் 15 செ.மீ. உயரத்தில் மூன்று படிகள் என்றால் மொத்தம் 45 செ.மீ. அதை 12-ஆல் பெருக்கினால் 540 செ.மீ., அதாவது ஐந்தரை மீட்டருக்குச் சற்றுக் குறைவு. மூன்று படிகளின் மேல் இரண்டு மீட்டர் பலகை போட்டிருந்தால் அது சாய்தளம் அல்ல, சறுக்குமரம்!

4. கழிவறை: மேற்கத்திய பாணி இருக்கை, பக்கத்தில் சுவரில் பதித்த கைப்பிடி, நாற்காலியை ஒட்டி நிறுத்த ஒரு பக்கமாவது காலி இடம். இருக்கையின் உயரம் நாற்காலியின் உயரத்துக்கு அருகில் இருந்தால் மாறி உட்காருவது சுலபம்.

5. கட்டில்: இதன் உயரமும் அப்படியே. கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலி நிற்க இடம் உண்டா என்று பாருங்கள்.

பில்டர் என்னும் வடிகட்டி

இனி பிரவுசரைத் திறந்து, புக்கிங்.காம், மேக்மைட்ரிப், ஏர்பிஎன்பி போன்ற ஏதாவது ஒரு தளத்துக்குப் போங்கள். ஊர், தேதி, ஆட்களின் எண்ணிக்கை கொடுத்துத் தேடினால் நூற்றுக்கணக்கான விடுதிகள் பட்டியலாக வரும். பக்கத்தின் ஓரத்தில் ‘பில்டர்’ என்ற பகுதி இருக்கும். டீ வடிகட்டியைப் போலத்தான் இது. நமக்குத் தேவையானதை டிக் செய்தால் மற்றவை பட்டியலிலிருந்து மறைந்துவிடும்.

பொதுவான சக்கர நாற்காலி வசதியை மட்டும் டிக் செய்து நிற்காதீர்கள். அந்தத் தகவலைப் பெரும்பாலும் ஓட்டல்காரர்களே நிரப்புகிறார்கள். அவர்கள் பார்வையில் லிஃப்ட் இருந்தாலே வசதிதான். சில தளங்களில் இன்னும் நுணுக்கமான பில்டர்கள் உண்டு. கைப்பிடியுள்ள கழிவறை, உயரமான கழிவறை இருக்கை, தாழ்வான வாஷ் பேசின், ரோல்-இன் ஷவர் போன்றவை. ‘ரோல்-இன் ஷவர்’ என்றால் தடுப்புத் திட்டு இல்லாமல் நாற்காலியோடு நேராக உள்ளே போகக்கூடிய குளிக்கும் இடம். ‘வாக்-இன் ஷவர்’ என்பது வேறு. நடந்து போகலாம், ஆனால் சிறு திட்டு இருக்கலாம். பெயர் ஒன்றுபோலத் தெரிவதால் பலர் குழம்புவது இங்கேதான்.

அடுத்து, தங்கியவர்கள் எழுதிய கருத்துகள். நூறு கருத்துகளையும் படிக்கத் தேவையில்லை. பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு கீபோர்டில் கண்ட்ரோல் கீயை அழுத்தியபடி ‘எஃப்’ கீயைத் தட்டுங்கள். சிறிய தேடல் பெட்டி வரும். அதில் ஆங்கிலத்தில் வீல்சேர், ஸ்டெப்ஸ், ராம்ப், லிஃப்ட் என்று ஒவ்வொன்றாக டைப் செய்து பாருங்கள். முழங்கால் வலிக்காரர் ஒருவர் ‘ரிசப்ஷனுக்கு ஐந்து படி ஏற வேண்டும்’ என்று புலம்பியிருந்தால், நமக்கு அது தங்கமான தகவல்.

வாசலை நேரில் பார்த்துவிடலாம்

கூகுள் மேப்ஸில் ஓட்டலின் பெயரைக் கொடுத்தால், விவரங்களில் சக்கர நாற்காலிக்கான நுழைவாயில் உண்டா என்ற குறிப்பு சில இடங்களுக்கு இருக்கும். அதைவிட நம்பகமானது ‘ஸ்ட்ரீட் வியூ’. தெருவில் நின்று பார்ப்பதுபோல் சுற்றிலும் காட்டும் இந்த வசதி, 2022 ஜூலையில் சென்னை உட்பட இந்தியாவின் பத்து நகரங்களில் தொடங்கியது. மேப்பின் மூலையில் உள்ள மஞ்சள் பொம்மையை மவுசால் இழுத்து ஓட்டல் வாசலில் போடுங்கள். படிகள் எத்தனை, நடைபாதை எப்படி, கார் நிற்க இடம் உண்டா என எல்லாம் தெரியும். படம் எடுக்கப்பட்ட மாதமும் ஆண்டும் திரையில் இருக்கும். பழைய படமென்றால் எச்சரிக்கையாக இருங்கள்.

ஓட்டலுக்கு ஒரு இமெயில்

போனில் கேட்டால் ‘எல்லாம் இருக்கு சார்’ என்பார்கள். எழுத்தில் கேட்டால் ஒருவர் எழுந்து போய் அளந்து பார்ப்பார். எனவே இமெயில் அனுப்புங்கள். கேள்விகள் இப்படி இருக்கட்டும்:

- வாசலிலிருந்து அறை வரை எங்காவது படி உண்டா? எத்தனை?
- லிஃப்ட் கதவு, அறைக் கதவு, குளியலறைக் கதவு ஆகியவை திறந்த நிலையில் எத்தனை செ.மீ.?
- குளியலறை வாசலில் திட்டு உண்டா?
- கழிவறைப் பக்கத்தில் கைப்பிடி உண்டா? ஒரு போட்டோ அனுப்ப முடியுமா?
- எங்களுக்குத் தரப்போகும் அறையின் எண் என்ன?

கடைசிக் கேள்விதான் மிக முக்கியம். தளத்தில் நாம் பதிவு செய்வது பெரும்பாலும் ஒரு ‘வகை’ அறையைத்தான். எந்த அறை என்பது போன பிறகே முடிவாகும். நமக்கான அறையை வேறு யாருக்காவது கொடுத்திருப்பார்கள். அறை எண்ணோடு பதில் வரும் வரை, இலவசமாக ரத்து செய்யும் வசதியுள்ள பதிவையே தேர்ந்தெடுங்கள். வந்த பதிலை பிரிண்ட் எடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவில் இதற்குச் சட்டமே உண்டு. 2012 மார்ச் 15 முதல் அங்குள்ள ஓட்டல்கள், பதிவு செய்யும்போதே அணுகல் வசதிகளை விவரமாகச் சொல்ல வேண்டும். மற்ற அறைகள் தீரும் வரை அந்த அறைகளை ஒதுக்கி வைக்க வேண்டும். பதிவு செய்த அறையையே தர வேண்டும்.

நம் நாட்டில்?

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2017 ஏப்ரல் 19-ல் நடைமுறைக்கு வந்தது. பொதுமக்கள் வந்துபோகும் தனியார் கட்டடங்களும் இதில் அடங்கும். ஆனால் விதிகளில் சொல்லப்பட்ட அளவுகள் கட்டாயமா, பரிந்துரையா என்ற குழப்பம் நீடித்தது. ராஜீவ் ரதூரி தொடர்ந்த வழக்கில் 2024 நவம்பர் 8-ல் உச்ச நீதிமன்றம், வெறும் பரிந்துரையாக விடுவது சட்டத்துக்கு முரண் என்று கூறி, கட்டாய விதிகளை வகுக்குமாறு மத்திய அரசுக்கு உத்தரவிட்டது.

நட்சத்திர ஓட்டல்களுக்கு இன்னொரு அளவுகோலும் உண்டு. மத்திய சுற்றுலா அமைச்சகம் நட்சத்திரத் தகுதி வழங்க வகுத்த நெறிமுறைகள், மாற்றுத்திறனாளிகளுக்கு ஏற்ற அறை ஒன்றையாவது கேட்கின்றன. அதன் கதவும் குளியலறைக் கதவும் குறைந்தது ஒரு மீட்டர் அகலம். தாழ்வான வாஷ் பேசின், கைப்பிடிகள், வாசலில் வழுக்காத சாய்தளம். ஆகவே நட்சத்திர ஓட்டலுக்கு எழுதும்போது ‘அந்த அறை எது?’ என்று உரிமையோடு கேட்கலாம். ஆனால் இந்தத் தகுதியைப் பெறுவது ஓட்டலின் விருப்பம். சின்ன லாட்ஜ்களில் நம் டேப்தான் துணை.

சென்னைக்கு வருபவர்களுக்கு

எண்ணூர், காத்திவாக்கம், திருவொற்றியூர் பக்கம் விசேஷத்துக்கு வரும் உறவினருக்கு இங்கேயே ஏற்ற அறை கிடைப்பது சிரமம். நான் சொல்லும் வழி இது. 2021 பிப்ரவரி 14 முதல் மெட்ரோ ரயில் விம்கோ நகர் வரை ஓடுகிறது. நிலையங்களில் லிஃப்ட் உண்டு. நடைமேடையும் ரயிலின் தரையும் ஏறத்தாழ ஒரே மட்டம். எனவே சென்ட்ரல், ஆயிரம் விளக்கு, கிண்டி போன்ற மெட்ரோ நிலையங்களை ஒட்டி அறை தேடுங்கள். தளத்தில் ‘மேப்’ பொத்தானைக் கிளிக் செய்தால், நிலையத்துக்கும் ஓட்டலுக்கும் உள்ள தூரம் தெரியும். விம்கோ நகரில் இறங்கி, அங்கிருந்து வண்டி பிடித்தால் போதும்.

தங்கி வந்த பிறகு

இந்தச் சிரமத்திலிருந்தே ஒரு தளம் பிறந்த கதை உண்டு. பிரிட்டனில் வழக்கறிஞராக இருந்தவர் ஸ்ரீன் மடிப்பள்ளி. தசைகள் வலுவிழக்கும் நோயால் சக்கர நாற்காலி பயன்படுத்துபவர். பயணங்களில் பட்ட தொல்லையால், தானே புரோகிராம் எழுதக் கற்றுக்கொண்டு, 2015-ல் நண்பரோடு சேர்ந்து ‘அக்கோமபிள்’ என்ற அறை தேடும் தளத்தைத் தொடங்கினார். 2017-ல் ஏர்பிஎன்பி அதை வாங்கியது. மறு ஆண்டே அந்தத் தளத்தில் கதவு அகலம், படியில்லா வழி எனத் தனித்தனிப் பில்டர்கள் வந்தன.

நாம் புரோகிராம் எழுத வேண்டியதில்லை. தங்கிய ஓட்டலுக்குக் கருத்து எழுதும்போது ‘நன்றாக இருந்தது’ என்று நிறுத்தாமல், கதவு இத்தனை செ.மீ., படி இத்தனை என்று எண்களோடு எழுதி, குளியலறைப் படம் ஒன்றையும் சேருங்கள். ஜெர்மனியில் 2010-ல் தொடங்கிய ‘வீல்மேப்’ தளத்தில் எந்த ஊர் இடத்தையும் நீங்களே குறிக்கலாம். முழு வசதி என்றால் பச்சை, ஓரளவு என்றால் ஆரஞ்சு, இல்லை என்றால் சிவப்பு. சாம்பல் நிறம் என்றால் யாரும் இன்னும் தகவல் தரவில்லை என்று பொருள். இந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் ஊரைத் திறந்து பாருங்கள். சாம்பலாக இருக்கும் ஒரே ஒரு ஓட்டலுக்கு, நேரில் பார்த்துவிட்டு நிறம் கொடுங்கள்.